நான் இருந்திராத உபவாசம்

நான் ஒருநாளும் உபவாசம் இருந்ததில்லை. ஒரு வேளைகூட இல்லை!

சித்தூரில் எங்கள் சபையார் என்னை ‘ஜெபத்தாய்’ என்றார்கள். மூன்று நாள், நான்கு நாள் கதவைச் சாத்திக்கொண்டு, அன்னம் தண்ணீர் இல்லாமல் ஆண்டவரோடு போராடுகிறவள் என்று என்னைப் பற்றிப் பேச்சு. அது பொய். அந்தப் பொய்யை முதலில் சொன்னது நான் இல்லை. ஆனால் அதற்குள் பல வருஷம் சுகமாகக் குடியிருந்தது நான்தான். அதனால் கிருபை என்ற பெண் தன் குழந்தையை இழந்தாள்... குழந்தை சாகவில்லை. தாய் ஓர் ஊரிலும் பிள்ளை ஓர் ஊரிலுமாகப் பிரிக்கப்பட்டார்கள்.

தொட்ட காரியம் எதையும் நான் முடித்தவள் இல்லை என்று என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். இதை முடிப்பேன்.

என் பெயர் சுகிர்தம். கல்யாணமாகிச் சித்தூருக்கு வந்தது அறுபதுகளின் கடைசியில். கணவருக்கு ரெவின்யூ இலாகாவில் வேலை. மாதத்தில் பாதி நாள் வெதுருகுப்பம், பாகாலா என்று கேம்ப் போய்விடுவார். பிள்ளை இல்லை. வீட்டில் நானும் என் தலைக்குள் இருக்கும் இரைச்சலும்தான்.

அந்த இரைச்சலை உங்களுக்கு எப்படிச் சொல்வது? பால் அடுப்பில் இருக்கும். தெருவில் கீரைக்காரி குரல் கேட்கும். கீரை வாங்கப் போனவள் அவள் மகளுடைய கல்யாணக் கதையைக் கேட்பேன். அந்தப் பெண்ணுக்கு ரவிக்கை தைத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுப்பேன். துணி தேடப் பெட்டியைத் திறந்தால் பழைய போட்டோக்கள் கிடைக்கும். அவற்றைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி கத்துவாள். பால் தீய்ந்து பாத்திரம் கருகியிருக்கும். ஒருநாள் இப்படியென்றால் சிரிக்கலாம். தினமும்! ஊரிலிருந்து வந்துபோகும் மாமியார் எனக்கு ‘அரைகுறை’ என்று பேர் வைத்தார். அந்தப் பேர் எங்கள் சபைக் கோயில்வரைக்கும் போயிற்று.

ஒரு கிறிஸ்துமஸுக்கு, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தேவதூதர் அங்கி தைத்துத் தருகிறேன் என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே எழுந்து நின்று சொன்னேன்! வெள்ளைத் துணியை ஒரே மூச்சில் வெட்டித் தள்ளினேன். அப்புறம் அந்த வேகம் எங்கே போயிற்றோ... நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி, விழா மாலையில் தைத்து முடிந்திருந்தது ஒரே ஓர் அங்கி. ஒரு தேவதூதன் மட்டும் வெள்ளையில் நின்றான். மற்ற தேவதூதர்கள் அரைக்கால் சட்டையில் நின்றார்கள். கோயில் முழுக்கச் சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து படுத்தவள்தான். எழுந்திருக்க முடியவில்லை.

சோம்பல் என்று நினைக்காதீர்கள். எழுந்து முகம் கழுவ வேண்டும் என்று தெரியும். கையும் காலும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் எழுந்து என்ன செய்யப் போகிறாய், இன்னொன்றைக் கெடுக்கத்தானே என்று உள்ளே ஒரு குரல். அது என் குரல்தான். அதோடு வழக்காடி ஜெயிக்க என்னிடம் வார்த்தை இல்லை. ஜன்னலைச் சாத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். இருட்டியதும் எழுந்து, பானையில் கிடந்த பழைய சோற்றை ஊறுகாயோடு தின்பேன். மறுபடி படுப்பேன்.

ஐயரம்மா வந்தார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. அடுப்பு பற்ற வைக்கவில்லை என்பதைப் பார்த்தார். என் வீங்கிய கண்களைப் பார்த்தார். பிள்ளையில்லாத வீடு என்பதும் அவருக்குத் தெரியும். தானாகவே ஒரு முடிவுக்கு வந்தார்.

“உபவாசமா சுகிர்தம்? சொல்லவே இல்லியேம்மா...”

நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். இல்லை என்று சொல்லியிருந்தால் வேறு என்னவென்று சொல்வது? ‘சும்மா படுத்திருக்கிறேன்’ என்றா? ஒரு குடும்பஸ்திரீ சும்மா படுத்திருக்கலாமா?

கேம்ப் முடிந்து வந்த கணவரிடமும் ஐயரம்மாதான் சொன்னார். கணவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். ‘என் பெண்சாதி படுத்தே கிடக்கிறாள்’ என்று வெளியே சொல்ல முடியுமா? ‘உபவாசத்தில் இருக்கிறாள்’ என்பதைத் தலை நிமிர்ந்து சொல்லலாம். அவரும் அதற்குமேல் என்னைக் கேட்கவில்லை.

அடுத்த முறை படுத்தபோது ஒரு சங்கடம் வந்தது. மாதர் சங்கத்துப் பெண்கள், மறுநாள் என்னோடு உட்கார்ந்து ஜெபிக்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். வந்தால் ஊறுகாய்ச் சாடியைப் பார்ப்பார்கள், எச்சில் தட்டைப் பார்ப்பார்கள்! விடிவதற்குள் பின்கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். பஸ் நிலையத்தில் புறப்படத் தயாராக நின்றது திருப்பதி பஸ். ஏறிவிட்டேன்.

நான் எங்கே போனேன் என்பதைக் கவனியுங்கள். மிஷன் காலத்துக் கிறிஸ்தவக் குடும்பத்து மருமகள், உபவாச ஜெபத்தில் இருப்பதாகப் பேர்... போனது திருப்பதிக்கு! தெரிந்திருந்தால் என்னைச் சபையில் சேர்த்திருப்பார்களா?

திருப்பதி பஸ் நிலையம் அப்போதும் இப்படித்தான். மொட்டைத் தலைகளும் சந்தனமும் மூட்டைகளும் அழுகிற பிள்ளைகளுமாக நிற்க இடம் இருக்காது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு தமிழ்க் குடும்பம் திகைத்துப்போய் நின்றது. போர்டெல்லாம் தெலுங்கில் இருந்தது, அவர்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. மலைக்குப் போகும் பஸ் எங்கே என்று என்னிடம் கேட்டார்கள். ஓடிப்போய் விசாரித்து அவர்களை ஏற்றிவிட்டேன். திரும்பினால் இன்னொரு கிழவர், காளஹஸ்தி பஸ்ஸுக்கு. அவரை ஏற்றினால் பிள்ளையைத் தொலைத்த ஒரு தாய். தேடிக் கொடுத்தேன். ஒன்றையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொரு வேலையும் அந்த நிமிஷத்திலேயே முடிந்தது. முடிந்தது! நான், சுகிர்தம், அன்றைக்கு முழுக்க எடுத்த வேலைகளை முடித்துக்கொண்டே இருந்தேன். நண்பகலில் பசித்தது. ஓட்டலில் உட்கார்ந்து பூரி கிழங்கு சாப்பிட்டேன். நாக்குக்கு ருசி தெரிந்தது.

சாயங்காலம் வீடு திரும்பினால், வாசலில் பெண்கள் பாட்டுப் புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்கே போயிருந்தாய் என்று கேட்டார்கள். தனியாக ஜெபிக்க ஊருக்கு வெளியே மலைப்பக்கம் போயிருந்தேன் என்றேன். ஐயரம்மா என் முகத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

“பாருங்கடி, மூஞ்சி எப்பிடி பிரகாசிக்குதுன்னு! ஆண்டவர் சமூகத்துல இருந்து வந்த மூஞ்சி இது.”

பூரி தின்ற முகம்! அதை நான் சொல்லவில்லை.

அதன்பிறகு அதுவே வழக்கமாயிற்று. தலைகால் தெரியாமல் எதிலாவது இறங்குவேன், பாதியில் விடுவேன், அவமானப்படுவேன், படுப்பேன். ஊரார் உபவாசம் என்பார்கள். கொஞ்சம் அசைய முடிந்ததும் முதல் பஸ்ஸில் திருப்பதி. ஜன்னலில் சந்திரகிரிக் கோட்டை தெரியும்போதே மூச்சு இலகுவாகும். எல்லா முறையும் பலித்தது என்று சொல்லமாட்டேன். சில நாள் அந்தக் கூட்டத்திலும் தூணோடு தூணாக நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். ஆனால் பலித்த நாட்கள் அதிகம். தங்கள் குறைகளைச் சொல்லி ஜெபிக்கக் கேட்டு என் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ‘அரைகுறை’ என்ற பேர் போயே போயிற்று. ஒரு மனுஷிக்கு முதல்முறையாக நல்ல பேர் கிடைத்தால் அதை விட மனம் வருமா? எனக்கு வரவில்லை.

இப்போது கிருபை.

கிருபை பிச்சாட்டூர்ப் பெண். எங்கள் சபையில் சாமுவேல் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். பாடற்குழுவில் அவள் குரல்தான் முன்னால் நிற்கும். குழந்தை பிறந்து சில மாதங்களில் பாட வருவதை நிறுத்திவிட்டாள். எழுபதுகளின் நடுவில், ஒரு மத்தியானம், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் நாற்காலியில் உட்காரவில்லை. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

“அக்கா, நான் சொன்னா யாராண்டயும் சொல்லாதீங்க. எனுக்கு எழுந்துக்க முடியலக்கா. கொயந்த அய்வுது, காதுல வியிது... எழுந்துக்க முடியல. செவுத்தயே பாத்துகினு படுத்துக்கினு கீறேன்.”

அவள் சொன்ன சுவர் எனக்குத் தெரியும்! நான் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த சுவரை இன்னொருத்தியும் பார்க்கிறாள்!

“நீங்க உபவாசம் இருந்துட்டு எழுந்து வந்தா ஒங்க மூஞ்சியே மாறிப்பூடுது. எப்பிடிக்கா? எனுக்கும் சொல்லுங்கக்கா.”

மறுநாள் விடிகாலையில் திருப்பதி போவதற்காக என் பை கட்டிலுக்கடியில் தயாராக இருந்தது. ‘நானும் உன்னைப் போலத்தான் கிருபை. எனக்கு உபவாசமும் இல்லை, ஒன்றுமில்லை. நாளைக்கு என்னோடு வா, குழந்தையையும் தூக்கிக்கொண்டு வா’ என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நாக்கு நுனிவரை வந்தது. கூடவே ஒரு கணக்கும் வந்தது. இவள் சின்னப்பெண். வீட்டில் சொல்வாள். மாமியார் சபையில் சொல்வாள். என் பேர் என்ன ஆகும்?

சொன்னேன்... என்ன சொன்னேன் தெரியுமா?

“மூணு நாள் உபவாசம் இரும்மா. நானும் உனக்காக உன்கூடவே இருக்கேன்.”

பால் கொடுக்கிற தாயிடம் சொன்னேன். மறுநாள் திருப்பதிக்குப் போனேன். பூரி தின்றேன்.

மூன்று நாளில் அவளுக்கு ஒன்றும் மாறவில்லை. தன் விசுவாசம் போதவில்லை என்று நினைத்து இன்னும் நீட்டினாள். பால் வற்றிவிட்டது. ஒரு காலையில் குழந்தையோடு சமையலறையில் மயங்கி விழுந்தாள். குழந்தையின் கை முறிந்தது. மாமியார் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு, ‘பைத்தியத்தாண்ட புள்ளய உடமாட்டேன்’ என்று அவளைப் பிச்சாட்டூருக்கு அனுப்பிவிட்டார். சாமுவேல் தாய் சொல்லைத் தட்டாதவர். அழைத்துவரப் போகவே இல்லை.

இத்தோடு நின்றிருந்தால்கூட... இல்லை, முழுக்கச் சொல்கிறேன். அடுத்த ஞாயிறு, கோயில் வாசலில், எல்லோரும் நிற்க, அந்த மாமியார் என்னைக் கேட்டார்.

“நீயும் தான் உபவாசம் கீற. ஒனக்கு ஒண்ணும் ஆவல. எங்க ஊட்டுப் பொண்ணுக்கு மட்டும் ஏம்மா இப்பிடி?”

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

“விசுவாசம் போதலம்மா” என்றேன்.

நான் சொன்னேன். இந்த வாயால் சொன்னேன்! அந்தச் சொல்லைச் சபை நம்பியது. அந்த வீட்டில் அதைச் சொல்லியே பெண்குழந்தையை வளர்த்தார்கள். உன் அம்மாவுக்கு விசுவாசம் போதவில்லை, அதனால் பைத்தியம் பிடித்தது என்று.

சில வருஷம் கழித்து என் கணவருக்குத் திருப்பதிக்கே மாற்றல் ஆயிற்று. ஒரு முறை நான் எழுந்திருக்காமல் கிடந்ததைப் பார்த்துப் பயந்து, என்னை வேலூருக்கு ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனார். டாக்டர் என் சிறு வயதைப் பற்றியே விடாமல் கேட்டார். வகுப்பில் உட்காருவேனா, பொருளைத் தொலைப்பேனா, பிறர் பேச்சின் குறுக்கே பேசுவேனா என்றெல்லாம். பிறகு சொன்னார்: “சில பிள்ளைகளுக்குக் கவனம் ஓர் இடத்தில் நிற்காது. பிறவியிலேயே அப்படி. வளர்ந்தால் போய்விடும் என்கிறோம், எல்லோருக்கும் போவதில்லை. தினமும் தவறி, தினமும் திட்டு வாங்கினால் மனசு எத்தனை நாள் தாங்கும்? அதனால்தான் சோர்ந்து விழுகிறீர்கள். இது உங்கள் குணக்கேடு இல்லையம்மா.”

அழுதேன். நாற்பது வயதை நெருங்கியபோதுதான் ஒருவர் எனக்கு அதைச் சொன்னார்.

மாத்திரை கொடுத்தார், சாப்பிட்டேன். மீதியை நானே கற்றேன். கண் விழித்ததும் யோசிக்கக் கூடாது, யோசித்தால் அந்தக் குரல் ஜெயித்துவிடும். காலைத் தரையில் வைத்துவிட வேண்டும். முதலில் ஏதாவது தின்ன வேண்டும், துக்கமெல்லாம் அப்புறம். பால் காய்ச்சினால் அடுப்பண்டையே நாற்காலி போட்டு உட்காருகிறேன், வாசல் மணியடித்தாலும் எழுந்திருப்பதில்லை. துணி தைப்பதென்றால் பக்கத்து வீட்டு ரமணம்மா புளி ஆயும் இடத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறேன், அவள் பக்கத்தில் இருந்தால் என் கை ஓடுகிறது. வாக்குக் கொடுக்கத் தோன்றும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு, ‘நாளைக்குச் சொல்றேன்’ என்கிறேன். காலையில் பஸ் நிலையத்துக்குப் போகிறேன், இப்போது ஒளிந்து இல்லை. இன்னும் விழுகிறேன். விழுந்தால் விழுந்தேன் என்று கணவரிடம் சொல்கிறேன். அவர் ஜன்னலைத் திறந்து வைக்கிறார்.

இத்தனையும் கற்றபிறகு, ஒருநாள் அடுப்பண்டை உட்கார்ந்திருக்கையில், இதில் ஒன்றைக்கூடக் கிருபைக்கு நான் சொல்லவில்லையே என்று நினைத்தேன். டாக்டர் சொன்னது என் மறதிக்கும் சோர்வுக்கும். கோயில் வாசலில் நான் மறதியாலா பேசினேன்? கவனம் சிதறியா பேசினேன்? நன்றாக யோசித்துத்தான் பேசினேன்!

போன மாதம் பிச்சாட்டூருக்குப் போனேன். கிருபை அண்ணன் வீட்டில் இருக்கிறாள். ஏரிக்கரைப் பக்கம் வீடு. வாசலில் உட்கார்ந்து விதைக்கு வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நரை விழுந்துவிட்டது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“அக்கா! எனுக்காக அன்னம் தண்ணி இல்லாம கெடந்தது நீங்க ஒருத்தர்தான்க்கா. எங்க அண்ணிகிட்ட கூட சொல்லிகினே இருப்பேன்.”

அவளெதிரில் தரையில் உட்கார்ந்தேன். முதலிலிருந்து சொன்னேன். ஐயரம்மாவுக்குத் தலையாட்டியது, பழைய சோறு, பஸ், பூரி, கோயில் வாசலில் சொன்ன சொல்... ஒன்றையும் விடவில்லை. அவள் மறுபடி முறத்தை இழுத்துக்கொண்டு கடலை உடைத்தாள்.

“அந்த மூணு நாளும் துன்னீங்களாக்கா?”

“துன்னேன்.”

இன்னும் நாலு கடலை உடைத்தாள்.

“ஒரு தபா என்னியும் அந்த பஸ்ல இட்டுகினு போயிருக்கலாமேக்கா...”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நான் எழுந்தபோது முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “எங்கிட்ட சொல்டீங்க. எம் பொண்ணாண்ட யாரு சொல்றது?”

அதற்கடுத்த சனிக்கிழமை சித்தூருக்குப் போனேன். அந்தப் பெண் எஸ்தர், பத்தாவது படிக்கிறாள். பாட்டி இறந்துவிட்டார். சாமுவேல் வேலைக்குப் போயிருந்தார். எஸ்தர் என்னை உட்காரச் சொல்லிக் காப்பி கொண்டுவந்தாள். டம்ளரை நீட்டிய கை, முழங்கையண்டை கொஞ்சம் வளைந்திருந்தது. எலும்பு சரியாகக் கூடவில்லை. எனக்கு அது தெரியாது. இத்தனை வருஷமாக யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காப்பியைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நின்றபடியே கேட்டாள்.

“எங்கம்மா பைத்தியம் இல்லியா?”

“இல்லம்மா. ஒடம்பு முடியாம இருந்தா. நாந்தான் தப்பா சொன்னேன்.”

“விசுவாசம் இல்லாததால இல்லியா?”

“இல்ல. என்னைவிட அவளுக்கு அதிகம் இருந்துச்சு.”

அவள் அழவில்லை. உள்ளே போனாள். செருப்பு மாட்டிக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கு என்று பக்கத்து வீட்டில் ஏதோ சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினாள். நான் பின்னால் ஓடினேன். பஸ் நிலையத்தில்தான் நின்றாள்.

“பிச்சாட்டூருக்கு எந்த பஸ்ஸு?”

“புத்தூர் போய் மாறணும்மா. அதோ, அது புத்தூர் போறதுதான். இரு, நானும் வரேன். வழி தெரியாது உனக்கு...”

படியில் ஒரு காலை வைத்திருந்தவள் திரும்பினாள். என்னை நேராகப் பார்த்தாள்.

“நீங்க வராதீங்க.”

பஸ் புறப்பட்டது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

அன்று திருப்பதிக்கு வந்து படுத்தேன். மறுநாள் காலையில் அந்தக் குரல் வழக்கம்போல வந்தது. இப்போது அந்தக் குரலுக்கு என்னிடம் சொல்லப் புதிதாக ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. அது சொல்வதில் பொய்யும் இல்லை. ஆனாலும் காலைத் தரையில் வைத்துவிட்டேன். வருகிற ஞாயிறு சித்தூர்க் கோயிலில், எந்த வாசலில் அந்தச் சொல்லைச் சொன்னேனோ அங்கே நின்று, எல்லோரும் கேட்கச் சொல்லப்போகிறேன். எஸ்தரும் அதற்குள் ஊர் திரும்பி அங்கே இருப்பாள். அவள் என்னைப் பார்ப்பாளா என்று தெரியவில்லை.